சதுரங்க எண்ணின் உள்ளமைப்பு

சதுரங்க ஆட்டத்தைக் கண்டுபிடித்த அறிஞனுக்கு மன்னன் பரிசளிக்க முன்வந்தான் என்பதும், அவ்வறிஞன் பலகையின் முதற் கட்டத்திற்கு ஒரு தானிய மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று ஒவ்வொரு கட்டத்திற்கும் முந்தியதைப் போல் இரு மடங்கு கேட்டான் என்பதும் கணித ஆசிரியர் அனைவரும் அறிந்த கதையே. பெருக்குத் தொடரைக் கற்பிக்கும்போது இக்கதையைச் சொல்லாத வகுப்பு அரிது. கதையின் முடிவில் மன்னனுடைய களஞ்சியம் போதாமற் போகிறது; கரும்பலகையில் இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் எழுதப்படுகிறது; மாணவர்கள் வியக்கின்றனர்; மணி அடித்துவிடுகிறது. வியப்போடு பாடம் முடிந்துவிடுவதைத்தான் இங்குக் குறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த எண் 1,84,46,74,40,73,70,95,51,615. இரண்டின் 64ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது. அதன் பருமை கதைக்கு உதவுவது. கணிதத்திற்கு உதவுவது அதன் உள்ளமைப்பு. பருமையைச் சொல்லி அமைப்பைச் சொல்லாமல் விடுவது, ஒரு மரத்தின் உயரத்தை அளந்து எழுதிவிட்டு அஃது இன்ன மரம் என்று குறிக்காமல் விடுவதைப் போன்றது. கணக்கெடுப்புப் பதிவேட்டில் அவ்வாறு எழுதும் களப்பணியாளரை எந்த மேலதிகாரியும் ஏற்கமாட்டார். வகுப்பறையில் மட்டும் அஃது ஏற்கப்படுகிறது.

முதலில் பருமையைப் பற்றிய செய்தியை விரைவில் முடித்துக்கொள்ளலாம். ஆயிரம் மணிகளின் எடை 40 கிராம் உள்ள கோதுமையைக் கொண்டு கணக்கிட்டால், அறிஞன் கேட்ட தானியத்தின் எடை ஏறத்தாழ 73,800 கோடி டன் ஆகிறது. இந்தியாவின் ஆண்டு விளைச்சல் இன்று 11 கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது. அவ்விளைச்சல் முழுவதையும் ஒரு மணிகூட உண்ணாமல் சேர்த்தாலும் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆயிரம் மணி எடையை நாள்தோறும் எடுக்கும் வேளாண் களப்பணியாளருக்கு இக்கணக்கு ஐந்து நிமிட வேலை. தம் பகுதியில் விளையும் நெல்லையோ கேழ்வரகையோ கொண்டு அவரே இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் அவ்வாறு கிடைக்கும் விடை தானியத்தைப் பற்றியது, எண்ணைப் பற்றியதன்று.

கதையின் வயதைப் பற்றியும் ஒரு சொல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிக்கான் தம் வாழ்க்கை வரலாற்றுத் தொகுதியில் இதனை எழுதிவைத்தார். அதில் அறிஞனின் பெயர் சிஸ்ஸா, மன்னனின் பெயர் ஷிஹ்ராம். அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்டவரான அல்-பிரூனி கதையைவிடக் கணக்கிலேயே கருத்தைச் செலுத்தினார். அவர் அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டவில்லை. ஒரு கட்டத்தில் உள்ள எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால், முதற் கட்டத்திலிருந்து அக்கட்டம் எவ்வளவு தூரமோ அதே தூரம் அப்பால் உள்ள கட்டத்தின் எண் கிடைக்கும் என்பதை அவர் பயன்படுத்தினார். ஐந்தாம் கட்டத்தில் 16. அதன் வர்க்கம் 256 ஒன்பதாம் கட்டத்தில். அதன் வர்க்கம் 65,536 பதினேழாம் கட்டத்தில். அதன் வர்க்கம் 4,29,49,67,296 முப்பத்து மூன்றாம் கட்டத்தில். அதனையும் ஒரு முறை வர்க்கப்படுத்தினால் அறுபத்தைந்தாம் கட்டம். பலகையில் அறுபத்தைந்தாம் கட்டம் இல்லை. ஆயினும் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் அதற்கு முந்திய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகையைவிட ஒன்று மிகுதியாதலால், இல்லாத அந்தக் கட்டத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் இருக்கும் கட்டங்களின் மொத்தம் வந்துவிடுகிறது.

இம்முறையின் சாரம் அல்-பிரூனிக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. வடமொழி யாப்பு நூலாகிய சந்த சாத்திரத்தில், குறில் நெடில் வேறுபாட்டால் ஓர் அடிக்கு எத்தனை வகைகள் உண்டாகும் என்பதைக் கணக்கிடப் பிங்கலர் தந்த விதியும் இதுவே: எண்ணிக்கை இரட்டையானால் பாதியாக்கி வர்க்கப்படுத்துக, ஒற்றையானால் ஒன்றைக் குறைத்து இரட்டிக்க. அறுபத்து நான்கை ஆறு முறை பாதியாக்கினால் ஒன்று வரும். ஆகவே இரண்டில் தொடங்கி ஆறு முறை வர்க்கப்படுத்தினால் போதும். இருமடங்காக்கும் வேலையை அறுபது தடவைக்கு மேல் செய்து களைத்துப்போகும் மாணவனிடம் இந்த விதியைச் சொல்லாமல் மறைப்பதற்கு நியாயம் ஏதும் இல்லை.

இவ்வெண்ணை வாசிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஆங்கில நூல்கள் மும்மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதுகின்றன. இந்திய வழக்கு வேறு. கோடியை அலகாகக் கொண்டால் இது 1,84,467 கோடி கோடியும், 44,07,370 கோடியும், 95,51,615-உம் சேர்ந்தது. ஏழேழு இலக்கமாகப் பிரிக்கும் இம்முறை வாய்விட்டுச் சொல்லவும் எளிது. ஆங்கிலத்தில் உள்ள ‘பில்லியன்’ முதலிய சொற்களை அப்படியே எழுதிவிடுவது ஆபத்தானது. பிரிட்டனின் பழைய நூல்களில் பில்லியன் என்பது லட்சம் கோடி. 1974-க்குப் பின் அந்நாட்டு அரசாங்க வழக்கிலும் அது நூறு கோடியே. எந்த ஆண்டு நூல் என்று பாராமல் மொழிபெயர்ப்பவர் ஆயிரம் மடங்கு பிழை செய்ய நேரும். மொழிபெயர்ப்பு அலுவலகங்களில் பிழைதிருத்துவோர் இச்சொல்லைக் கண்டால் சற்று நின்று செல்வது வழக்கம். அது நல்ல வழக்கமே.

இருபது இலக்கங்களை எழுதும்போது ஓர் இலக்கம் மாறுவதும் இயல்பு. சரிபார்க்கும் வழி இருந்தும் யாரும் சரிபார்ப்பதில்லை. இவ்வெண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87. ஆகையால் இது மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. வலப்புறமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் சென்றால் 37 வரும். அதாவது பதினொன்றால் வகுக்க மீதி 4. இவ்விரு சோதனைகளும் சேர்ந்தால் எந்த ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இரண்டு வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிழை வெளிப்பட்டுவிடும். கரும்பலகையில் எழுதிய ஆசிரியர் இந்தச் சோதனையை மாணவர் கையாலேயே செய்வித்தால், அச்சில் வந்தது எல்லாம் சரியே என்னும் நம்பிக்கை சற்றுத் தளரும். அது தளர வேண்டியதுதான்.

இனி அமைப்பு. இதற்குச் சூத்திரம் ஏதும் வேண்டியதில்லை. பலகையைப் பார்த்தாலே போதும். முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களில் மொத்தம் 255 மணிகள். இரண்டாம் வரிசையின் ஒவ்வொரு கட்டமும் அதற்கு நேரான முதல் வரிசைக் கட்டத்தைப் போல் 256 மடங்கு. ஆகவே இரண்டாம் வரிசை முழுவதும் முதல் வரிசையைப் போல் 256 மடங்கு. இரண்டு வரிசைகளும் சேர்ந்தால் 257 மடங்கு. அடுத்த இரண்டு வரிசைகள் முதல் இரண்டைப் போல் 65,536 மடங்கு; எனவே நான்கு வரிசைகள் சேர்ந்தால் 65,537 மடங்கு. அவ்வாறே பலகையின் பின்பாதி முன்பாதியைப் போல் 4,29,49,67,296 மடங்கு. முழுப் பலகை முன்பாதியைப் போல் 4,29,49,67,297 மடங்கு. முதல் வரிசைக்குள்ளும் இதே நிலைமை: முதல் இரண்டு கட்டங்களில் 3, முதல் நான்கில் அதைப் போல் ஐந்து மடங்காகிய 15, எட்டில் அதைப் போல் பதினேழு மடங்காகிய 255.

ஆக, மன்னனைத் திகைக்கவைத்த எண் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 என்னும் ஆறு எண்களின் பெருக்கற்பலன். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதிலிருந்து ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் வருவது. பலகையைப் பாதி பாதியாக மடித்தால் இந்த ஆறும் தாமே வெளிப்படுகின்றன. ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கும் இது விளங்கும். விளங்கிய பின்னர் அவன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இவற்றை மேலும் பிரிக்க முடியுமா?

இதே கேள்விதான் பதினேழாம் நூற்றாண்டின் சிறந்த கணித அறிவொன்றைப் பிழையில் தள்ளியது. பிரெஞ்சு நாட்டின் தூலூஸ் நகரில் நீதித்துறைப் பதவி வகித்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் எண்களை ஆராய்ந்த பியர் ஃபெர்மா, இவ்வரிசையின் முதல் ஐந்து எண்களும் பகா எண்களாக இருப்பதைக் கண்டார். 3, 5, 17 ஆகியவற்றைப் பற்றி ஐயமே இல்லை. 257-க்கு ஐந்தாறு வகுத்தல்கள் போதும். 65,537-க்குச் சற்றுக் கூடுதலான உழைப்பு வேண்டும். இவ்வைந்தையும் கண்டபின், வரிசை எவ்வளவு நீண்டாலும் எல்லா எண்களும் பகா எண்களே என்னும் முடிவுக்கு வந்து, 1640ஆம் ஆண்டிலேயே நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். தமக்கு நிரூபணம் கிட்டவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆயினும் முடிவு தவறு. ஆறாவது எண்ணிலேயே தவறு.

1729இல் கோல்டுபாக் எழுதிய கடிதம் ஒன்றின் வழியாக இச்செய்தி இளைஞரான லியோனார்டு ஆய்லரின் கவனத்துக்கு வந்தது. 1732இல் ஆய்லர் விடையை அறிவித்தார்: 4,29,49,67,297 என்பது 641-ஐ 67,00,417-ஆல் பெருக்க வரும் எண். மூன்று இலக்க எண் ஒன்று ஃபெர்மாவின் கருத்தை வீழ்த்திவிட்டது. ஆய்லர் கண்மூடித்தனமாக வகுத்துக்கொண்டே போனார் என்று எண்ண வேண்டியதில்லை. அந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எதுவாயினும் அது 64-இன் மடங்கைவிட ஒன்று மிகுதியாகவே இருக்க வேண்டும் என்பதைப் பின்னர் அவர் நிறுவிக் காட்டினார். காரணம் கடினமானதன்று. இரண்டின் அடுக்குகளை வரிசையாக அப்பகா எண்ணால் வகுத்து மீதிகளை எழுதினால், அம்மீதிகள் ஒரு வட்டமாகத் திரும்பத் திரும்ப வரும். இங்கு 32ஆம் அடுக்கில் மீதி அப்பகா எண்ணைவிட ஒன்று குறைவு. 64ஆம் அடுக்கில்தான் முதன்முறையாக மீதி ஒன்றாகிறது. ஆகவே வட்டத்தின் நீளம் 64. அன்றியும் எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்கில் மீதி ஒன்றாகவே வரும். எனவே பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 64-இன் மடங்காக இருந்தே தீரும்.

இந்த நிபந்தனையோடு தேடினால் வேலை மிகச் சுருங்கிவிடுகிறது. 65, 129, 193, 257, 321 என்று செல்லும் வரிசையில் பகா எண்கள் மட்டும் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் விடை! மேலே பயன்பட்ட இறுதிச் செய்தி, அதாவது பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கில் மீதி ஒன்றாகும் என்னும் தேற்றம், ஃபெர்மா தாமே கண்டது. அதுவும் அதே 1640ஆம் ஆண்டில். கருவி அவர் கையில்தான் இருந்தது. ஐந்து வகுத்தல்கள் அவருக்கும் பிழைக்கும் இடையே நின்றன.

641 வகுக்கும் என்பதை வகுத்துப் பாராமலே காட்டும் வழியும் உண்டு. உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளில் இதனைக் கரும்பலகையில் எழுதலாம். 641-க்கு இரண்டு முகங்கள் உள்ளன. 5-ஐ 128-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் 641. 625-ஐயும் 16-ஐயும் கூட்டினாலும் 641. எந்த எண்ணின் நான்காம் அடுக்கிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அந்த எண்ணைவிட ஒன்று மிகுதியான எண்ணால் அது வகுபடும் என்பது இயற்கணிதத்தின் தொடக்கப் பாடம். ஆதலால் 640-இன் நான்காம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 641-ஆல் வகுபடும். 640-இன் நான்காம் அடுக்கு என்பது 625-ஐ இரண்டின் 28ஆம் அடுக்கால் பெருக்கியது. இனி 641-ஐயே இரண்டின் 28ஆம் அடுக்கால் பெருக்குக. அதில் 625-இன் பகுதி முன்னதற்குச் சமம். 16-இன் பகுதி இரண்டின் 32ஆம் அடுக்கு. இதுவும் 641-ஆல் வகுபடுவது. வகுபடும் இரண்டு எண்களின் வேறுபாடும் வகுபடும். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் எஞ்சுவது இரண்டின் 32ஆம் அடுக்கும் ஒன்றும், அதுவே 4,29,49,67,297. ஒரு வகுத்தலும் செய்யாமல் வழக்கு முடிந்தது. இத்தகைய நிரூபணம் ஒன்றைப் பள்ளிப் பருவத்தில் முழுமையாகப் பின்பற்றிய மாணவன், சூத்திரங்கள் நூறு மனப்பாடம் செய்தவனைவிட மேலான நிலையில் இருக்கிறான் என்பதில் ஐயமில்லை.

பலகையின் முன்பாதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கௌஸ் 1796இல், பத்தொன்பது வயது நிறையும் முன்னர், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கான பதினேழு பக்க உருவத்தை வரையலாம் என்று கண்டார். 1801இல் வெளிவந்த நூலில் பொது விதியையும் தந்தார். அவ்விதிக்கு உட்படாதவற்றை வரைய இயலாது என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவினார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் உடைய ஒழுங்கான உருவத்தை வரைய வேண்டுமானால், அந்த எண்ணிக்கை ஃபெர்மாவின் வரிசையில் உள்ள வெவ்வேறு பகா எண்களின் பெருக்கமாகவோ, அவற்றுள் ஒன்றாகவோ இருக்க வேண்டும். அவ்வரிசையில் இன்றளவும் அறியப்பட்ட பகா எண்கள் அந்த முதல் ஐந்துமே. எனவே வரையத்தக்கனவாக அறியப்பட்ட ஒற்றைப்படைப் பல்கோணங்கள் முப்பத்தொன்று. அவற்றுள் மிகப் பெரியதற்கு எத்தனை பக்கங்கள்? 4,29,49,67,295. சதுரங்கப் பலகையின் முன்பாதியில் உள்ள மணிகளின் எண்ணிக்கையும் அதுவே. தானியக் கதையும் கவராயமும் ஒரே எண்ணில் சந்திப்பது தற்செயலன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றே. மூன்று, ஐந்து, பதினைந்து, பதினேழு என்று எந்த எண்ணிக்கைகளில் முன்பாதியின் தானியத்தை மீதியின்றிப் பங்கிடலாமோ, ஒருவர் என்பதை நீக்கினால், அந்த எண்ணிக்கைகளிலேயே அவ்வுருவங்களும் வரையப்படும்.

முழுப் பலகையின் எண் ஏழு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கம். ஆகையால் அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 128. எட்டாம் கட்டத்தில் இருக்கும் மணிகளும் 128. இந்த ஒற்றுமைக்கு ஆழ்ந்த பொருள் எதுவும் தேட வேண்டியதில்லை. மாணவர்கள் விரும்புவர் என்பதற்காகக் குறிக்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறாக, இவ்வெண்ணைச் சுற்றி ஐரோப்பாவில் புனைந்த கதை ஒன்று இந்நாட்டு வகுப்பறைகளில் உண்மைபோல் உலவுகிறது. காசியில் ஒரு கோயிலில் அறுபத்து நான்கு பொன் வட்டுகள் மூன்று ஊசிகளில் இடம் மாற்றப்படுகின்றன, அந்த வேலை முடிந்தால் உலகம் முடியும் என்பது அக்கதை. 1883இல் பிரெஞ்சுக் கணிதர் எடுவார் லூக்கா வெளியிட்ட விளையாட்டுப் பொருள் ஒன்றைச் சுற்றி வளர்ந்தது அது. காசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கணக்கு மட்டும் உண்மை. வட்டுகளை மாற்ற வேண்டிய தடவைகள் சதுரங்க எண்ணுக்குச் சமம். நொடிக்கு ஒன்றாக மாற்றினால் ஐம்பத்தெட்டாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயது இன்றைய கணிப்பில் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். கணக்கைக் கற்பிக்கலாம். காசியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

சதுரங்க எண்ணின் அண்டை வீட்டாரையும் பார்க்க வேண்டும். அதனுடன் இரண்டைக் கூட்டினால் ஃபெர்மா வரிசையின் ஏழாவது எண் வரும். அதுவும் பகா எண் அன்று: 2,74,177-ஐ 6,72,80,42,13,10,721-ஆல் பெருக்க வருவது. 1855இல் கிளௌசன் கௌஸுக்கு எழுதிய கடிதத்தில் இக்காரணிகளைக் குறித்திருந்தார். 1880இல் எண்பத்திரண்டு வயதான லாந்த்ரி தம் சொந்த உழைப்பால் இவற்றைக் கண்டு வெளியிட்டார். இரண்டே வேறுபாடு உள்ள இரு எண்களில் ஒன்று பலகையை மடித்தாலே பிரிகிறது. மற்றது ஒரு முதியவரின் நெடுநாள் உழைப்பைக் கேட்கிறது. பருமையால் எண்களை மதிப்பது எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதற்கு அடுத்துவரும் எண்களில் நெடுந்தூரம் வரை ஆராயப்பட்டுவிட்டது. இரண்டின் 32ஆம் அடுக்கு அல்லாமல் இன்னும் உயர்ந்த அடுக்குகளை உடைய அவற்றுள் ஒன்றுகூடப் பகா எண்ணாகத் தேறவில்லை. ஐந்து முறை உண்மையாக இருந்த ஒரு கருத்து, அதன்பின் சோதித்தறிந்த இடங்களிலெல்லாம் பொய்த்திருக்கிறது.

இங்குத்தான் களப்பணியாளருக்கும் இவ்வெண் உரியதாகிறது. ஐந்து வயல்களில் பார்த்ததை ஆறாவது வயலுக்கும் எழுதிவிடும் பழக்கம் எல்லாத் துறைகளிலும் உண்டு. ஐந்து கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்துவிட்டு, வெயிலும் தொலைவும் கருதி, ஆறாவதை ஊகத்தால் நிரப்பிய பதிவேடுகள் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது என்பதும் உண்மை. கணிதத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு முழுக் கருத்தையும் அழித்துவிடுகிறது. வயலில் ஒரு விதிவிலக்கு அக்கருத்தின் எல்லையைக் காட்டுகிறது, சில வேளைகளில் மண்ணின் வேறுபாட்டைக் காட்டி உதவியும் செய்கிறது. ஆனால் எழுதப்படாத விதிவிலக்கு இரண்டு இடத்திலும் ஒன்றையே செய்கிறது. ஃபெர்மா செய்த பிழையால் எவர் வீட்டிலும் உலை கொதிக்காமற் போகவில்லை. ஊகத்தால் நிரப்பிய நீர்மட்டத்தை நம்பிக் கிணறு தோண்டும் உழவனுக்கு அத்தகைய பாதுகாப்பு கிடையாது.

காரணிகள் காண்பதால் கிராமத்து மாணவனுக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. ஆசிரியர் கூட்டங்களில் இக்கேள்வி எழாத நாளில்லை. பாடத்திட்டம் நீண்டது, நேரம் குறைவு என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் பயன் என்பதையே அளவுகோலாகக் கொண்டாலும் அவர்கள் வாதம் நிற்காது. இன்று பெரும்பாலோர் கையில் இருக்கும் கைப்பேசியின் கணிப்பொறி அறுபத்து நான்கு பிட்டுகளைக் கொண்டது; சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் அதன் ஒரு பதிவகத்தில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் சதுரங்க எண்ணே. முப்பத்திரண்டு பிட்டுகளைக் கொண்ட பழைய பொறிகளில் அந்த இடம் பலகையின் முன்பாதிக்கு உரியதாயிருந்தது. ஃபெர்மாவின் கருத்து கடைசியாகப் பலித்த எண்ணாகிய 65,537, 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறைக்குறி முறையில் பொதுத் திறவுகோலாகப் பரவலாக வழங்குகிறது. பதினாறு முறை வர்க்கப்படுத்தி ஒரு முறை பெருக்கினால் அந்த அடுக்கு கிடைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். பிங்கலரின் விதி அங்கும் வேலை செய்கிறது. அம்முறையின் பாதுகாப்பு முழுவதும், பெரிய எண்ணைப் பெருக்கி உண்டாக்குவது எளிது, பிரித்துக் காரணி காண்பது கடினம் என்னும் ஒரே உண்மையின் மேல் நிற்கிறது. அவ்வுண்மையை மாணவன் தன் கையால் உணர 641 போதும்: பெருக்க இரண்டு நிமிடம் ஆகும், காரணியைத் தேடச் சொன்னால் ஒரு பிற்பகல் போய்விடும்.

நேரம் இல்லை என்பதற்கும் விடை உண்டு. புதிய பாடம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. கதையைச் சொல்லும் அதே வகுப்பில், களஞ்சியம் காலியாவதை விவரிக்கும் பத்து நிமிடங்களில் ஐந்தைக் குறைத்துக்கொண்டு, பலகையை மடித்துக் காட்டினால் போதும். சதுரங்கப் பலகை இல்லாத பள்ளியில் எட்டுக்கு எட்டாகக் கோடிட்ட தாள் அந்த வேலையைச் செய்யும். பாடநூல் எழுதுவோரும் மறுபதிப்பில் அந்த இருபது இலக்க எண்ணை அச்சிடும்போது, அதற்குக் கீழே 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417 என்பதையும் சேர்த்து அச்சிடலாம். அதற்கு ஒரு வரி இடம்தான் வேண்டும்.